அவர் என்ன சொல்கிறார்?

நோங் க்ராடோன் வட்டார அலுவலகத்தில் உங்களுக்கு ஏதாவது வேலை இருந்தால் புதன்கிழமை போங்கள். திங்களன்று கூட்டம் தாங்காது. வெள்ளியன்று பதிவாளர் மதியச் சாப்பாட்டோடு கிளம்பிவிடுவார். புதனன்று மின்விசிறிக்குக் கீழே உட்கார இடம்கூடக் கிடைக்கும். நானும் என் கணவரும் போனது ஒரு புதன்கிழமைதான். நீங்கள் முக்கியமாகக் கேட்பது அந்த நாளைப் பற்றி என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன், இன்ஸ்பெக்டரம்மா. குறுக்கே கேள்வி கேட்டாலும் பரவாயில்லை. எனக்கு அவசரமில்லை.

என் பெயர் ராம்பை. வயது ஐம்பத்தாறு. என் கணவர் ஹால்வார் நார்வேக்காரர், எழுபத்தொன்று. அந்த நாட்டின் வட கோடியில் ஒரு மீன் தொழிற்சாலைக்கு நான் வேலைக்குப் போயிருந்தபோது, அங்கே ஓடும் பயணிகள் கப்பலில் அவர் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் குளிர்காலத்தில் உறைந்த சாலையில் நான் வழுக்கி விழுந்ததை அவர் பார்த்துவிட்டார். மறுநாள் காலணியில் மாட்டிக்கொள்ளும் இரும்பு முள் ஒரு ஜோடி கொண்டுவந்து, என் காலடியில் முட்டிபோட்டு அவரே மாட்டிவிட்டார். அந்த ஊர் நகரமன்றத்தில்தான் எங்கள் திருமணம் நடந்தது. பன்னிரண்டு குளிர்காலம் அங்கே இருந்தேன். அவர் ஓய்வு பெற்றதும் இருவரும் தாய்லாந்துக்கு, என் ஊருக்கே வந்துவிட்டோம்.

ஊரில் அவரைப் பிடிக்காதவர் யாருமில்லை. எங்கள் பேச்சை அவர் கோணல்மாணலாகப் பேசுவார். பப்பாளிக்காய் சாலட் இடிக்கும் பெண்ணிடம், "மிளகாய் பத்து போடு, நான் என்ன பரங்கியா?" என்பார். கடையே சிரிக்கும்.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது, ஆனால் முழுக்கப் போகவில்லை. எங்கள் பேச்சும் ஆங்கிலமும் துடைத்தெடுத்ததுபோல் போய்விட, சிறுவயதில் பேசிய மொழி மட்டும், அதுவும் அந்த வடகோடிப் பேச்சு மட்டும், துண்டு துண்டாக மிஞ்சியது. மூளையில் அப்படி நடப்பதுண்டு என்றார் டாக்டர். ஆக, எங்கள் வட்டாரத்தில் அவர் பேசுவது புரிகிற ஒரே ஆள் நான்தான்.

ஓய்வூதியக்காரர் என்ற வகையில்தான் அவர் விசா வருடாவருடம் நீண்டுகொண்டிருந்தது. அதற்கு வங்கியில் இருக்க வேண்டிய தொகையை மருத்துவமனை பாதியாக்கிவிட்டது. தாய்லாந்துப் பெண்ணின் கணவர் என்று காட்டினால் அந்தப் பாதியே போதும். ஆனால் எங்கள் திருமணம் நார்வேயில் நடந்தது. இங்கே எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை. முதலில் அதைக் குடும்ப நிலைப் பதிவில் ஏற்ற வேண்டும்.

அலைச்சலைச் சொல்ல வேண்டியதில்லை. திருமணச் சான்றிதழுக்குத் தூதரக முத்திரை வாங்கினேன். மொழிபெயர்த்தேன். கோன் கேன் நகரத்தில் இன்னொரு முத்திரைக்குப் போனால், என் தகப்பன் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். காகித விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பு. அவரை மொழிபெயர்க்க மட்டும் யாரும் எந்த முத்திரையும் கேட்கவில்லை. மனைவி பக்கத்தில் நின்றாலே போதுமாக இருந்தது.

அந்தப் புதன்கிழமை அவருக்குச் சவரம் செய்து, நீலச் சட்டை போட்டு, சக்கர நாற்காலியில் கூட்டிப்போனேன். சாட்சிக்கு ஊர்த்தலைவர் தோங்சாய் வந்தார். கைபேசியைத் தூக்கிப் பிடித்து, வாசலிலிருந்தே வீடியோ எடுத்துக்கொண்டு வந்தார். அவருக்கு எல்லாமே திருவிழா.

பதிவாளர் அரியா என்ற சின்னப் பெண். மரியாதை தெரிந்தவள். என் கணவர் பக்கம் குனிந்து கேட்டாள்.

"பெரியப்பா, உங்க சொந்த விருப்பத்துலதான் இவங்களைக் கட்டிக்கிட்டீங்களா? இப்பவும் சேர்ந்துதான் இருக்கீங்களா?"

அவர் இடது கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "ஆ வில் ஹேய்ம்," என்றார்.

"என்ன சொல்றாரு, அக்கா?"

"ஆமாங்கிறார். கடைசிவரைக்கும் என்கூடவே இருக்கணுமாம்."

அந்த மூன்று சொல்லுக்கு, 'நான் வீட்டுக்குப் போக வேண்டும்' என்று பொருள். அவர் வீடு என்று சொன்னது நார்வேயை. அவர் மறுபடியும் சொன்னார். பிறகு மகள் பெயரைச் சொன்னார். இங்வில்டைக் கூப்பிடுங்கள், இவள் விட மாட்டேன் என்கிறாள், உதவுங்கள் என்றார். நோய் வந்த பிறகு அவர் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான். சொற்கள் ஒழுங்காக வந்ததில் எனக்குக்கூட ஒரு பெருமை இருந்தது.

"ஐயோ, அழுறாரே," என்றாள் அரியா.

"சந்தோஷத்துலம்மா," என்றார் தோங்சாய். "பத்தொம்பது வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் சட்டப்படி நம்ம ஊரு மாப்பிள்ளை ஆகுறாரு. யோவ் மாப்ள, அழுதா விட்ருவேனா? ஒரு பாட்டில் வாங்கித் தரணும், ஆமா."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கையெழுத்துப் போட முடியாதென்பதால் பெருவிரல் ரேகை எடுத்தோம். விரலை நான்தான் பிடித்து மையில் தொட்டுக் காகிதத்தில் வைத்தேன். கொஞ்சம் பலமாகத்தான் அழுத்த வேண்டியிருந்தது.

அதன் பிறகு எல்லாம் எளிதாகவே நடந்தது. குடியேற்ற அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். வீட்டு எண்ணுக்கு முன்னால், கட்டிலுக்குப் பக்கத்தில் என்று எங்களைப் படமெடுத்தார்கள். ஒரு வருடத்துக்கு முத்திரை விழுந்தது.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். இங்வில்ட் அவருடைய முதல் மனைவியின் மகள். ஞாயிறு தோறும் கூப்பிடுவாள். அப்பா தூங்குகிறார் என்பேன். அது பாதி நாள் உண்மைதான். அவள் குரலைக் கேட்டால் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறும், அதை நான் அளந்து பார்த்திருக்கிறேன். அவர் கேட்டால், அவள் கூப்பிடவில்லை என்று சொல்லிவிடுவேன். கூப்பிட்டாள், பேச விடவில்லை என்று சொல்வதைவிட அதில் அவருக்கு வேதனை குறைவு என்று நினைத்தேன்.

நிசா வருவதை நிறுத்தியதும் நான்தான். அவள் சுகாதார நிலையத்திலிருந்து வாரம் இரண்டு முறை வந்து கைகால் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் கொடுத்த பெண். கெட்டிக்காரி. பதிவு முடிந்த நான்காம் மாதம் ஒருநாள் வாசல்வரை கத்திக்கொண்டு வந்தாள்.

"அக்கா, அக்கா, பெரியப்பா நம்ம பேச்சு பேசிட்டாரு! வீட்டுக்குப் போகணும்னு சொல்றாரு. நான் சொன்னேன், நீங்க வீட்லதானே இருக்கீங்க பெரியப்பா, இது யாரு வீடுன்னு. அதுக்கு என்னைய முறைக்கிறாரு!"

இருவரும் சிரித்தோம். அவளுக்குச் சோறு போட்டு அனுப்பினேன். மறுநாள் சுகாதார நிலையத்துக்குப் போன் செய்து, இனி நானே பார்த்துக்கொள்கிறேன், யாரும் வர வேண்டாம் என்றேன். எங்கள் பேச்சு அவருக்குத் திரும்பிவந்தால் பிறகு நான் எதற்கு?

அதற்குப் பின் ஒரு மாதத்துக்குள் அவர் பேச்சை அறவே நிறுத்திவிட்டார். யாரும் மிரட்டவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். ஊட்டினால் வாங்கிக்கொள்வார். திருப்பிப் படுக்கவைத்தால் படுத்துக்கொள்வார். கண் மட்டும் திறந்திருக்கும்.

அவர் நிறுத்திய பிறகு அது எனக்குக் கேட்கத் தொடங்கியது. முதலில் சோறு அவிகிற மூங்கில் கூடையின் ஆவியில் கேட்டது. பிறகு, காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி கத்தரிக்காய், பூசணிக்காய் என்று கூவிக்கொண்டே தெருமுனை திரும்பும்போது, நடுவில் அந்த மூன்று சொல். பட்டப்பகலில், தெளிவாக. காலையில் பிச்சைக்கு வந்த துறவிகள் ஆசி சொல்லும்போதும் கேட்டது. நான் கைகூப்பியபடியே நிமிர்ந்து ஒவ்வொரு வாயாகப் பார்த்தேன். மூத்தவர் என்னைப் பார்த்ததும் ஆசி சொல்வதை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு முறையும் கட்டிலருகே போய், "நீங்களா சொன்னீங்க?" என்று கேட்பேன். அவர் வாய் மூடியிருக்கும். துடைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அவருக்கு ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை. அதையும் மருத்துவமனையில் எழுதியிருப்பார்கள்.

நீங்கள் வட்டார அலுவலகத்தைப் பற்றியே கேட்கிறீர்கள். மகளின் புகாரில் அதுதான் இருக்கிறது, தெரியும். பக்கவாதம் வந்த காலையைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். மறைத்தேன் என்று பிறகு பேர் வரக்கூடாது.

அந்த வருடம் இங்வில்டுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அவர் நார்வேக்கே திரும்பிப் போய்விடத் தீர்மானித்தார். என்னையும் கூப்பிட்டார். பன்னிரண்டு குளிர்காலம் போதும் என்றேன். "அப்ப நான் போறேன், ராம்பை. வீடு உன் பேர்லதான் இருக்கு. மனசு மாறினா வா, விமான நிலையத்துல வந்து நிப்பேன்," என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

கிளம்புகிற நாள் காலை ஆறரை மணிக்குக் குளியலறை வாசலில் விழுந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. நான் ஓடிவந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அது என்ன நோய் என்று எனக்குத் தெரியும். மீன் தொழிற்சாலையில் எங்களுக்கு முதலுதவி வகுப்பு எடுத்திருக்கிறார்கள். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக்கூடாது என்பதும் தெரியும்.

நான் முதலில் போன் செய்தது வேன் ஓட்டுநருக்கு. ஒன்பது மணிக்கு அவன் வருவதாக இருந்தது.

"இன்னைக்கு வேண்டாம், தம்பி. பயணம் தள்ளிப்போயிடுச்சு."

"நல்லதாப் போச்சுக்கா. வழியெல்லாம் ஒரே மழை," என்றான்.

பிறகு அவர் தலைக்குக் கீழே தலையணை வைத்தேன். கோழிகளுக்குத் தீனி போட்டேன். வந்து விசிறினேன். அவருக்கு நினைவு இருந்தது. இடது கையால் என் சட்டை விளிம்பைப் பிடித்திருந்தார். விமானம் பன்னிரண்டுக்கு. பன்னிரண்டே கால் வரை பார்த்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். எப்போதிலிருந்து இப்படி என்று டாக்டர் கேட்டார். "நேத்துப் படுக்கும்போது நல்லாத்தான் இருந்தார். காலையில ரொம்ப நேரம் தூங்குறார்னு விட்டுட்டேன்," என்றேன். சில மணி நேரத்துக்குள் போட்டால் கை கால், பேச்சு எல்லாவற்றையும் காப்பாற்றுகிற ஊசி ஒன்று இருக்கிறதாம். இனிப் போட முடியாது என்று டாக்டர் வருத்தப்பட்டார். நானும் அழுதேன். அது நடிப்பில்லை. அவர் இங்கேயே இருப்பார் என்று அப்போதுதான் உறுதியானது.

மீதி உங்களுக்கே தெரியும். தோங்சாய் அந்த வீடியோவை முகநூலில் போட்டிருந்தார். அது கை மாறிக் கை மாறி, எட்டு மாதம் கழித்து நார்வேயில் இருக்கும் ஒரு தாய்லாந்துப் பெண் மூலமாக இங்வில்டின் கண்ணில் பட்டது. அப்பா சொன்னது அவளுக்குப் புரிந்தது. நான் சொன்னதை அந்தப் பெண் அவளுக்குச் சொன்னாள். நான்காம் நாள் இங்வில்ட் என் வாசலில் நின்றாள், உங்கள் ஆட்கள் இருவரோடு.

நான் தடுக்கவில்லை. நாற்காலி எடுத்துப் போட்டேன். அவள் கட்டிலருகே மண்டியிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, வீட்டுக்குப் போகலாமா?" என்று அவர்கள் பேச்சில் மூன்று முறை கேட்டாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். தான் என்ன சொன்னார் என்பதை நான் சொல்ல வேண்டும் என்று காத்திருப்பதுபோலப் பார்த்தார். இவ்வளவுக்குப் பிறகும் அவர் நம்பியது என்னைத்தான். அதனால் நான் சொன்னேன்.

"இங்கேயே இருக்கணும்னு சொல்றார்."

அவர் அப்போது வாயே திறக்கவில்லை என்று இங்வில்ட் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். உங்கள் ஆட்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு அவருடைய பேச்சு பழக்கமில்லை. எனக்குத் தெளிவாகக் கேட்டது.