மேல் இலையில் வந்த சாம்பல்

வெள்ளரிக் கொடியில் சாம்பல் நோய் கீழிருந்துதான் ஏறும். நிழலில் நெருங்கிக் கிடக்கும் முற்றிய இலையில் மாவு தெளித்தாற்போல் ஒரு பொட்டு. பிறகு அடுத்த இலை. என் மகளின் பசுமைக்குடிலில் மட்டும் அது மேலே, என் நெஞ்சு உயரத்தில் தொடங்கியது. ஏனென்று புரியாமல் நீங்கள் உதட்டைப் பிதுக்கினீர்கள், வேளாண் அதிகாரி சார். சொல்கிறேன்.

விரலால் துடைத்துப் பாருங்கள். மாவு விரலோடு வந்தால் சாம்பல் நோய். அது பரவ இலை நனைய வேண்டியதில்லை. காற்றோ ஒரு கையோ போதும்.

போன விளைச்சல் தேறியிருந்தால் மகளும் மருமகனும் வெளியூரில் நிலம் குத்தகைக்கு எடுத்துப் போயிருப்பார்கள். நல்ல பையன். "மாமா, நீங்களும் வந்துடுங்க. அங்கேயும் எங்களைக் குறை சொல்ல ஆள் வேணும்ல?" என்று சிரிப்பான். தினமும் காலையில் போய் இலை பார்த்துக் கொடுத்தேன். என் வீட்டுக் கொல்லையில் பூசணிக்கொடி வெளுத்துக் கிடந்தது. முதலில் அதைத் தடவிவிட்டுத்தான் போவேன்.

நோயிலையைக் கிள்ளி எரித்தார்கள், கொடிகளை விலக்கிக் காற்று விட்டார்கள், வெயில் தாழ்ந்ததும் கந்தகம் அடித்தார்கள். நான் சொல்லிக்கொடுத்ததுதான், ஒன்றும் தவறில்லை. ஆனாலும் பிஞ்செல்லாம் வெம்பியது. மருமகன் கூலி வேலைக்கு வெளியூர் போனான். மகள் என்னோடு இருக்கிறாள். சாப்பாடுதான் பாதி தட்டிலேயே மிஞ்சுகிறது.

இந்த முறை தனியாளாக விதைத்தாள். விளைந்தால் அவனிடம் போய்விடுவாள். நேற்று அந்தப் பொட்டைக் காட்டி, "அப்பா, எனக்குத்தான் கைராசி இல்லையா?" என்றாள்.

"அடி அசடு, அப்படியெல்லாம் பேசாதே," என்று தலையைத் தடவினேன். என் கையிலிருந்த மாவு அவள் கூந்தலில் ஒட்டியது. அவள் கவனிக்கவில்லை. அதனால்தான் உங்களைத் தேடி வந்தேன். பாசம்தான் சார், வேறொன்றுமில்லை.

பாதிக்கு மேல் இன்னும் பச்சைதான்; பிழைத்துக்கொள்ளும். பொட்டு விழுந்த இலைகளைக் கிள்ளச் சொல்லுங்கள், கந்தகத்தை நிறுத்த வேண்டாம். குடிலின் கதவுக்கு ஒரு பூட்டு போட்டு, சாவியை அவளிடம் கொடுங்கள். நான் கேட்டாலும் தரக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். கேட்பேன்.