பின்னாலிருந்து வரும் குளவிகள்

இருங்க சாலமன், ஸ்க்ரூ டிரைவர எடுக்காதீங்க. பொட்டியப் பிரிக்கிறதுக்கு முன்னாடி நீங்க தெரிஞ்சுக்க வேண்டியது மூணு இருக்கு. அதச் சொல்லாம வேலைய ஆரம்பிச்சா எது கோளாறுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த நாற்காலிய இழுத்துப் போட்டுக்குங்க. இல்ல, இந்தப் பக்கம். ம்.

முதலாவது, இந்த வீடியோ கேம் பொட்டி எனக்குப் புதுசு இல்ல. என் பையன் ராஜகோபால் ஸ்கூல்ல படிக்கிறப்ப வாங்கினது. அவனுக்குச் சீக்கிரமே சலிச்சுப்போச்சு, எனக்குச் சலிக்கல. பரீட்சைத் தாள் திருத்தி முடிச்சிட்டு ஒரு ஆட்டம் ஆடினாத்தான் எனக்குத் தலை லேசாகும். தையல்நாயகி டீச்சர் பகல்ல இலக்கணம் நடத்துறாங்க, சாயங்காலம் வானத்துல கப்பல் ஓட்டுறாங்கன்னு ஸ்டாஃப் ரூம்ல சிரிப்பாங்க. சிரிக்கட்டும். அவங்க சீரியல் பாத்து அழுதாங்க, நான் சுட்டேன்.

ரெண்டாவது, இதுல அதிர்ஷ்டத்துக்கு வேலையே கிடையாது. நம்ம கப்பல் இடது ஓரத்துல நிக்கும். வானம் வலதுலேர்ந்து ஓடி வரும், கூடவே எதிரியும் வரும். எது எப்ப எந்த உயரத்துல வரணுமோ, அது அப்ப அந்த உயரத்துலதான் வரும். இன்னிக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணு பேசாது. மனுஷங்கள விட நாணயமான ஜந்து. மூணாவது ஸ்டேஜ்ல கல்லு மழை பெய்யும். அது முடிஞ்சதும் ஒரு மூச்சு விடற நேரம் வானம் காலியா இருக்கும். புதுசா ஆடறவன் அங்கதான் ஏமாறுவான். ஏன்னா அங்க மட்டும் எதிரி பின்னாடிலேர்ந்து வரும், ரெண்டு மஞ்சக் குளவி. முன்னாடியே பாத்துட்டிருந்தா செத்தான். நான் கப்பல மேல தூக்கி, அதுங்கள அடியில போகவிட்டு, முன்னாடி போனப்புறம் சுடுவேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூடச் செய்வேன்.

மூணாவது, ஞாயித்துக்கிழமை பையன் பள்ளிக்கரணையிலேர்ந்து கார் எடுத்துட்டு வரான். இனிமே அம்மா தனியா இருக்கக்கூடாது, வீட்ட வாடகைக்கு விட்டுட்டு எங்ககூட வந்துடணும்ங்கிறான். இது நான் லோன் போட்டு, நின்னு கட்டின வீடு. இங்கயே இருப்பேன்ங்கிறேன் நான். இதுக்கும் பொட்டிக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க, அது அப்புறம்.

இப்போ கோளாறுக்கு வரேன். அந்தக் குளவி ரெண்டும் வரதில்ல. ஆனா இடிக்குது. கல்லு மழை முடியுது, வானம் காலியா இருக்கு, திடீர்னு என் கப்பல் வெடிக்குது. வராதது எப்படிங்க இடிக்கும்? இன்னொண்ணு, கப்பலக் கொஞ்சம் பின்னாடி வாங்கினா காணாமப் போயிடுது, முன்னாடி தள்ளினா வந்துடுது. முதல் ரெண்டு ஸ்டேஜையும் அப்படித்தான் நடுவுலயே வெச்சுட்டுச் சமாளிக்கிறேன். எத்தன உயிர் பாக்கின்னு கீழ ஓரத்துல காட்டுமே, அதையும் காணோம். பண்ண வேண்டியதெல்லாம் பண்ணிட்டேன். கேசட்ட எடுத்து ரப்பர் வெச்சுத் துடைச்சேன். பசங்க மாதிரி வாய வெச்சு ஊதறதில்ல நான், எச்சில் படும். ஒயரெல்லாம் கழட்டி மாட்டினேன்.

என்ன, ஓரத்துல கறுப்பா இருக்கான்னு கேக்கறீங்களா? இல்லையே. கறுப்பும் இல்ல, கோடும் இல்ல. படம் முழுசாத்தான் இருக்கு. முழுசா இருக்கற படத்துல கப்பல் மட்டும் இல்ல.

ஏன் என் முகத்த அப்படிப் பாக்கறீங்க. யாராவது சொன்னாங்களா? கீழ் வீட்டு சாவித்ரியா. சொல்லியிருப்பா, அவளுக்கு வேற வேலை இல்ல. ஆமா, ஆடி மாசம் தலையில ஒரு அடைப்பு வந்துது. கை கால் கொஞ்சம் சோர்ந்துது, அப்புறம் சரியாயிடுச்சு. கண்ணச் சோதிச்சாங்க, கண்ணும் சரி. அதோட விட்டாங்களா? ஒரு டாக்டர் வந்து உக்காந்து சொல்றார், கண்ணு பாக்குதும்மா, ஆனா உங்க மூளை இடது பக்கத்தக் கணக்குல எடுத்துக்க மாட்டேங்குது, எடுத்துக்கலைங்கிறதும் உங்களுக்குத் தெரியாதுன்னு. எப்படி இருக்கு பாருங்க. எனக்குத் தெரியாதது எனக்குத் தெரியாதுன்னு அவருக்குத் தெரியுமாம். இத மறுக்கவே வழியில்ல. எனக்கு அப்படி எதுவும் இல்லைன்னேன், அதாம்மா அந்த வியாதிங்கிறார்.

அதைப் பிடிச்சுகிட்டா என் மருமக ரோஹிணி. அத்தை, தட்டுல பாதிய விட்டுட்டீங்கங்கிறா. நான் வழிச்சுச் சாப்பிட்ட தட்டு. தட்டத் திருப்பி வெக்கிறா, பாத்தா சாம்பார் சாதம் இருக்கு. திருப்பற சாக்குல வெச்சிருப்பான்னு நெனச்சேன். வேற எப்படி நெனைக்கிறது, நீங்களே சொல்லுங்க. கேம்ப் ரோட்டுல ஒருநாள் ஒரு ஆட்டோ என் புடவைய உரசிட்டு நிக்குது. இன்னா பெரீம்மா, ஹாரன் அட்ச்சிகினே வரேன், நேரா வண்டிக்குள்ள வந்து வுழுறியே, வூட்ல சொல்லிகினு வந்தியாங்கிறான். அங்க ஆட்டோவே இல்லைங்கிறேன் நான். தோ நிக்கிதே, இது இன்னா பல்லாக்கான்னு கேக்கறான். பேப்பரப் பிரிச்சா எழுவாயே இல்லாத வாக்கியமா அச்சடிச்சு அனுப்பறாங்க. ஆபீசுக்கே போன் போட்டுத் திட்டினேன்.

நீங்க சிரிக்கறீங்க. சிரிங்க. ஆனா ஒண்ணு யோசிங்க. இவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு நோக்கம் இருக்கு. பையனுக்கு மனசுல பாரம் இறங்கணும். மருமகளுக்கு அலைச்சல் மிச்சமாகணும். டாக்டருக்கு அவர் சொன்னது சரின்னு ஆகணும். ஆட்டோக்காரனுக்குத் தப்பு அவன்மேல வரக்கூடாது. யார் பேச்ச நான் நம்பறது?

சரி, பேசினது போதும். ஜாய்ஸ்டிக்க நீங்க பிடிங்க. நீங்க ஆடுங்க, நான் பாக்கறேன். பரவால்ல, கை பழகினதாத்தான் இருக்கு. கப்பல முன்னாடியே வெச்சுக்குங்க, அப்பதான் எனக்குத் தெரியுது. ம். ம். இந்தா, கல்லு மழை. மேல ஒதுங்குங்க. போச்சு, முடிஞ்சுது. பாருங்க, வானம் காலி. ஒண்ணும் இல்ல.

ஏன் மேல தூக்கினீங்க? வந்துதா? எங்க வந்துது? சும்மா சொல்லாதீங்க சாலமன், நான் கண்ணக் கொட்டாமப் பாத்துட்டுத்தானே இருக்கேன். பின்னாடி வரும்னு நான் சொல்லிக்கொடுத்ததால தூக்கியிருப்பீங்க. அதெல்லாம் எங்கிட்ட நடக்காது. இன்னொரு தடவ ஆடுங்க. இந்தத் தடவ அது வந்ததும் அங்கயே நிறுத்துங்க. ஸ்டார்ட் பட்டன அமுக்கினா படம் அப்படியே நிக்கும்.

நின்னுடுச்சா. எங்க, காட்டுங்க. விரல வெச்சிருக்கீங்களா? எங்க வெச்சிருக்கீங்க, உங்க கையே தெரியலையே. அப்படி இல்ல. இந்த வலது ஓரத்துல விரல வைங்க. ஆங், இப்பத் தெரியுது. மெதுவா இழுத்துட்டுப் போங்க, நான் விரலையே பாக்கறேன். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்கள அப்படித்தான் படிக்க வெப்போம். ஒரு கல்லு. நட்சத்திரம். நடுவுல ஒண்ணும் இல்ல. போங்க. இன்னுமா இருக்கு? டிவி அவ்வளவு அகலமா? கழுத்தத் திருப்பணுமா. திருப்பறேன், போங்க.

இருக்கு.

கப்பல் இருக்கு. அதுக்குப் பின்னாடி ரெண்டும் இருக்கு, அதே மஞ்சக் குளவி. கீழ உயிர்க் கணக்கும் இருக்கு. எல்லாம் போட்டது போட்டபடி இருக்கு. கொஞ்சம் விரல எடுங்க. நான் நேரா பாக்கறேன். போயிடுச்சு. திரும்ப வைங்க. இருக்கு.

வேற டிவி கொண்டாந்து மாட்டிப் பாக்கலாம்ங்கிறீங்க. நல்ல மனசு உங்களுக்கு, ஆனா பொய் சொல்ல வரல. வேணாம் விடுங்க. டூல்ஸ எடுத்து உள்ள வைங்க. உங்கள நான் ரிப்பேருக்குக் கூப்பிடல. போன வாரம் பையன்கிட்ட நானேதான் சொன்னேன், நீங்க யார் சொன்னாலும் ஒத்துக்க மாட்டேன், அந்தப் பொட்டி சொன்னா ஒத்துக்கறேன், பொட்டிக்கு ஒரு நோக்கமும் கிடையாது, அதுக்கு என் வீடும் வேணாம், என்னைப் பாத்து அழவும் வேணாம், நாலும் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் வந்து அதுல கோளாறுன்னு சொல்லிட்டா நான் இங்கேயேதான் இருப்பேன், கோளாறு இல்லைன்னுட்டா மறு பேச்சு இல்லாம உங்ககூட வரேன்னு. அவன் விளையாட்டுன்னு நெனச்சுச் சிரிச்சான். நான் சிரிக்கல.

அதனால முடிவானத வரிசையாச் சொல்றேன், பையன் போன் பண்ணிக் கேட்டா இப்படியே சொல்லுங்க. பொட்டி, கேசட், டிவி, எதுலயும் கோளாறு இல்ல. ரோஹிணி சோத்த ஒளிச்சு வெக்கல. அத அவகிட்ட நானே சொல்லிக்கறேன், நீங்க சொல்ல வேணாம். ஆட்டோக்காரன் ஹாரன் அடிச்சுட்டுத்தான் வந்திருக்கான். பேப்பர்காரங்க பாவம். டாக்டர் சொன்னதுல ஒரு பாதிதான் அப்ப காதுல விழுந்துது. பயிற்சி எடுத்துக்கிட்டா சிலருக்குச் சரியாகும்னும் சொன்னார், அதையும் கேட்டுக்கணும். அதனால வீட்ட வாடகைக்கு விடப்போறதில்ல, பூட்டித்தான் வெக்கப்போறேன். பொட்டிய எங்கூட எடுத்துட்டுப் போறேன். பக்கத்துல ஒருத்தர் உக்காந்து குளவி வருதுன்னு மட்டும் சொன்னாப் போதும், மிச்சத்த நான் பாத்துக்குவேன்.

அப்புறம், பையன் பின் சீட்டுல சாஞ்சுட்டு வாம்மான்னான். அது முடியாது. முன் சீட்டுலதான் உக்காருவேன். அப்பத்தான் ஓட்டறவன் என் வலது பக்கம் இருப்பான். பள்ளிக்கரணை போய்ச் சேர்ற வரைக்கும் என் பிள்ளைய நான் பாத்துட்டே போகலாம்.