காலண்டரில் வந்த பச்சை ஜாடி

நல்ல களிமண்ணை நாக்கில் வைத்தாலே தெரிந்துவிடும், ஐயா. கரகரவென்று பல்லில் பட்டால் பூச்சுக்கு ஆகாது. இதை இசைவாணிக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

திருத்தங்கலில் சங்கரலிங்கம் முதலாளியின் ஜாடிக் கம்பெனியில் எனக்கு ஒன்பது வருஷம். ஊறுகாய் ஜாடிக்கு மேலே கண்ணாடி மாதிரிப் பளபளப்பு ஏற்றுவது என் வேலை. கடையில் வாங்கிய பவுடரைக் கரைத்துப் பூசுவேன். இரண்டாயிரத்து ஆறில் விருதுநகரிலிருந்து இசைவாணி வேலைக்கு வந்தாள். மிளகாய் வத்தல் வியாபாரி வீட்டுப் பெண். கண்மாய் மண்ணையும் சீமைக்கருவேலச் சாம்பலையும் கலந்து அவளே பூச்சு செய்தாள். சூளையிலிருந்து தேன் நிறத்தில் வந்தது. முதலாளி அந்த ஜாடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"பஞ்சம்மா, நீயும் இம்புட்டு வருசமா பூசுறியே" என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க மாட்டேன்.

நானும் யாருக்கும் தெரியாமல் ஒன்று செய்து பார்த்தேன். ஊருக்கு வெளியே ஒரு பள்ளம் இருக்கிறது. எப்போதோ மூடிப்போன ஒரு பட்டாசுக் கம்பெனி, கழிவு வெடிமருந்தைப் புதைத்த இடம். அங்கே மேலாக இருந்த மண்ணை மூங்கில் கழியால் சுரண்டி வந்து பூசினேன். ஒரே ஒரு ஜாடி, வாழைக்குருத்துப் பச்சையில் வந்தது. முதலாளியிடம் காட்ட நல்ல நேரம் பார்த்திருந்தேன். அதற்குள் இவள் கண்ணில் பட்டுவிட்டது.

"யக்கா, எங்கன எடுத்தீக இந்த மண்ண? நானும் ஒருக்கா போட்டுப் பாக்கேன்."

கேட்டாள், சொன்னேன். இடத்தை மாற்றிச் சொல்லவில்லை. "மேல கெடக்கது சுத்தமில்லத்தா. முழங்கை ஆழம் தோண்டி எடு" என்றேன்.

"தோண்டுறதுக்கு எதும் இருக்கா யக்கா?"

ஜாடிக்கு வருவதற்கு முன்பு பதினொரு வருஷம் பட்டாசில் இருந்தவள் நான். மருந்து அறைக்குக் கொலுசைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவோம். மருந்தில் இரும்பு உரசினால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வத்தல் வியாபாரி வீட்டுப் பெண்ணுக்குத் தெரியாது. கதவுக்குப் பின்னால் மூங்கில் கழியும் இருந்தது, கடப்பாரையும் இருந்தது. கடப்பாரையை எடுத்துக் கொடுத்தேன். கனமாக இருக்கும், பார்த்துத் தூக்கிப் போ என்றும் சொன்னேன்.

பள்ளத்துப் பக்கமிருந்து வெடிச் சத்தம் கேட்டபோது வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்கி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

கேஸை நீங்கள் விபத்து என்று எழுதினீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. நிறம் ஒத்துப் பார்க்க என் ஜாடியை அவள் வாங்கித் தன் வேலைப் பலகையில் வைத்திருந்தாள். முதலாளி அதைப் பார்த்தார். "புள்ள கடைசியா செஞ்சது" என்று கண் கலங்கினார். என்னுடையது என்று சொன்னால், மண் எங்கே எடுத்தாய் என்பார். மூன்று மாதம் பேசாமல் இருந்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

நேற்று சிவகாசியிலிருந்து கம்பெனி காலண்டர் அச்சாகி வந்தது. இதோ, கொண்டுவந்திருக்கிறேன். என் ஜாடிதான் படம். அடியில் 'இசைவாணி கண்ட பச்சை' என்று போட்டிருக்கிறார்கள். வருகிற வருஷம் முழுக்க இது வீட்டுக்கு வீடு தொங்கும்.

அவளைக் கொன்றது நான்தான், ஐயா. அதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பச்சை என்னுடையது. அதை மட்டும் சரியாக எழுதுங்கள்.