கைச்சூடு ஆறப் பத்து நிமிஷம்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனை முதல்வர் அவர்களே, செவிலியச் சகோதரிகளே, முன்வரிசையில் கலங்கி அமர்ந்திருக்கும் அக்காவின் கணவரே, மகளே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

வெப்பப் படப் பிரிவின் தலைமைத் தொழில்நுட்புநர், நம் 'பத்து நிமிஷம் அக்கா' மறைந்துவிட்டார். பத்து நிமிடம் காக்க வைக்காமல் யாரையும் படம் எடுக்காதவர் அவர்! அந்த மாரடைப்பு அவருக்குப் பத்து நிமிடம் தந்ததா?

புற்றுநோயால் மார்பகம் இழந்த பெண்களுக்கு, வயிற்றுத் திசுவை எடுத்துப் புது மார்பகம் அமைக்கிறோம். வைத்துத் தைத்தால் போதுமா? அதில் ரத்தம் ஓட வேண்டாமா? ரத்தம் ஓடிச் சூடாக இருக்கும் இடத்தை மஞ்சளாகவும், ஓடாமல் குளிர்ந்த இடத்தை நீலமாகவும் காட்டும் அக்காவின் கேமரா. போர்வையை விலக்கி, ஜன்னலை மூடி, மின்விசிறியை நிறுத்துவார். "போர்வைச் சூடு ஆறட்டும், பத்து நிமிஷம் பொறுங்க, யாரும் தொடாதீங்க" என்பார். பதறாத காரியம் சிதறாது என்று வாழ்ந்தவர்.

என்னைக் கைராசிக்கார டாக்டர் என்கிறீர்கள். நான்காம் வரிசையில் இருக்கும் தையற்கடை அம்மாவும் அப்படித்தான் சொல்லி வந்தார். நேற்று அவரிடம் உண்மையைச் சொல்லி, பேச அனுமதி கேட்டேன். "சொல்லுங்க டாக்டர், அக்காவுக்குச் சேர வேண்டியது அக்காவுக்கே சேரட்டும்" என்றார்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், அந்த அம்மாவுக்கு அறுவை முடிந்த மறுநாள். அவசரத்தில் புது மார்பின் மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, உடனே படம் எடுக்கச் சொன்னேன். மஞ்சள்! "ஜம்முனு இருக்கு, வார்டுக்கு அனுப்புங்க" என்றேன். அக்கா படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். அந்த மஞ்சளுக்கு ஐந்து விரல்கள் இருந்தன.

"இது உங்க கைச்சூடு டாக்டர், அவங்க ரத்தம் இல்ல. பத்து நிமிஷம் வெளிய நில்லுங்க."

கையும் களவுமாகப் பிடிபட்டவனாய் வராந்தாவில் நின்றேன். அடுத்த படத்தில், நான் கை வைத்த அதே இடத்தில் நீலம்! உடனே அறுவை அரங்குக்குக் கொண்டுபோய், அடைத்திருந்த ரத்தக்குழாயைத் திறந்தோம். இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் அந்தத் திசு செத்திருக்கும்.

கைதட்டல் யாருக்குக் கிடைத்தது? எனக்கு! "படம் தெளிவில்லை, மீண்டும் எடுக்கப்பட்டது" என்று மட்டும் அக்கா பதிவேட்டில் எழுதினார். ஆறு ஆண்டுகள் அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாளைக் காலை எட்டு மணிக்கு மூன்றாம் படுக்கையில் ஒரு படம் எடுக்க வேண்டும். ஜன்னலை நான் மூடுவேன். மின்விசிறியை நான் நிறுத்துவேன். பத்து நிமிடமும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். அக்கா, இனி நீங்கள் என்னை வெளியே அனுப்ப வேண்டியிருக்காது.