எனக்கு ஹிந்தி தெரியாது

கண்டிப்பையும் கனிவையும் ஒரே மூக்குக்கண்ணாடிக்குள் வைத்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் தலைவர் லலிதாம்பாள் அவர்களே! திரை கட்டித் தந்த தீரர் சுதீஷ் அவர்களே! முன்வரிசையில் முறுக்கும் கையுமாக வீற்றிருக்கும் மூத்தோரே! சீரியலைத் துறந்து சினிமாவுக்கு வந்திருக்கும் செந்தமிழ்த் தாய்மார்களே! தம்பானூர் நெரிசலில் தப்பிப் பிழைத்து வந்த தங்கங்களே! மூன்றாம் வரிசையில் முத்தென விளங்கும் ரத்னாபாய் டீச்சர் அவர்களே! அனைவருக்கும் இந்தச் சத்தியதாஸின் சிரம் தாழ்ந்த வணக்கம்!

இன்று நம் மன்றம் திரையிடப்போவது, ஐம்பது ஆண்டுகளைக் கடந்த ஹிந்திக் காதல் காவியம். அடடா, எத்தனை பாட்டு! பதினொன்று! நாயகன் மலையில் பாடுகிறான், மழையில் பாடுகிறான், மாட்டுவண்டியில் பாடுகிறான். பாடினானே ஒழிய, பக்கத்தில் நின்றவளிடம் "உன்னைக் கட்டிக்கொள்ள ஆசை" என்று ஒரு வார்த்தை சொன்னானா? சொல்லவில்லையே! அவள் வேறொருவனுக்கு மாலையிடும் பந்தலில் வந்து நின்று, பதினோராவது பாட்டையும் பாடித் தொலைக்கிறான் படுபாவி!

என்ன தம்பி? முடிவைச் சொல்லிவிட்டேனா? ஐம்பது வருடமாகப் பார்க்காமல் இருந்தது உன் குற்றமப்பா!

அந்த நாயகனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை, சபையோரே. நானும் அவன் கட்சிதான்.

ஆறு வருடமாக மாதம் ஒரு ஹிந்திப் படம் பார்க்கிறோம். சப்டைட்டில் இல்லாத பழைய பிரதிகள். என் பக்கத்து நாற்காலியில் நாக்பூரில் இருபது வருடம் பாடம் நடத்திய ரத்னாபாய் டீச்சர். நாயகி அழுதால், "சாரே, அவ அப்பனுக்கு இஷ்டம் இல்லியாம்" என்று காதோரம் சொல்வார். படம் முடிந்தால் கரமனைக்கு இருவரும் ஒரே ஆட்டோவில் போவோம். இரண்டு பேரும் துணையை இழந்தவர்கள். என் மனதைச் சொல்லிவிட எத்தனை முறை வாயெடுத்தேன்! மேடைப்பேச்சாளன் புத்தி விடுமா? "அன்பும் அறிவும் அணிகலனாய் அமைந்த டீச்சர் அவர்களே" என்று தொடங்கி, "ஆட்டோ ஓட்டும் அருமைச் சகோதரரே" என்று அவரையும் விளித்து, முன்னுரை முடிவதற்குள் டீச்சர் வீட்டு வாசல் வந்துவிடும்! "பாக்கிய அடுத்த மாசம் பேசும் சாரே" என்று இறங்கிப் போய்விடுவார். எழுபது மாதம், எழுபது முன்னுரை!

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! ஆனால், வருகிற புதன்கிழமை டீச்சர், மகன் வீட்டோடு இருக்கப் புனே போகிறார். திரும்பி வரமாட்டார். அடுத்த மாசம் என்ற ஒன்று இனி எனக்கு ஏது?

இதோ, தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். "படத்தப் பத்திப் பேசுங்கோ." அம்மா, இவ்வளவு நேரம் வேறு எதைப் பேசினேன்?

ஆகவே, சபையறிய ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு ஹிந்தி தெரியும்! தண்ணீர் பட்ட பாடு! போபாலில் பதினேழு வருடம் குப்பை கொட்டியவன் நான். முதல் நாளே தெரியாது என்று பொய் சொன்னேன். எதற்கு? காதோரம் கேட்கும் டீச்சரின் அந்தக் குரலுக்கு! நாயகி பேசிய ஒவ்வொரு வசனமும் புரிந்தது. புரியாதவன் போலக் குனிந்து குனிந்து கேட்டேன்.

ஐயையோ, டீச்சர் எழுந்துவிட்டார்! உட்கார வேண்டாம், அப்படியே கேளுங்கள். இனி அடைமொழி கிடையாது. ரத்னா, எனக்கு அறுபத்துநாலு வயது. சர்க்கரை இருக்கிறது. உன்மேல் கொள்ளை ஆசையும் இருக்கிறது. போகாதே. என்னைக் கட்டிக்கொள்கிறாயா?

என்ன? கொஞ்சம் அமைதி, அமைதி! கைதட்டலில் காதே கேட்கவில்லை!

சபையோரே, கேட்டீர்களா? "அது எனக்கு மொத மாசமே தெரியும் சாரே! தமாஷ் வந்தா, நான் சொல்லுததுக்கு முந்தியே நீரு சிரிச்சீரே!" என்கிறார். அடி ஆத்தே! தெரிந்துமா ஆறு வருடம் என் காதில் சொன்னாய்?

"பின்னே? சொல்லாம இருக்க எனக்கு மனசு வரல்ல. மகன்கிட்ட நான் பேசிக்கிடுதேன், நீரு கீழ இறங்கி வாரும்" என்கிறார்!

பொறுத்தருளிய தலைவருக்கும், கூச்சலிட்டுக் கொண்டாடும் உங்களுக்கும் கோடி நன்றி! சுதீஷ், படத்தைப் போடப்பா. ரத்னா பக்கத்தில் எனக்கு இடம் போட்டுவிட்டார்கள். வருகிறேன், வணக்கம்!