இழுத்துப்பார் டீச்சரின் நான்கு மணி வகுப்பு

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே, பெற்றோர் சங்கத் தலைவர் அவர்களே, என்னோடு சேர்ந்து சாக்பீஸ் தூள் தின்ற ஆசிரிய நண்பர்களே, பின்னால் நிற்கும் மாணவ மாணவியரே, முன்வரிசையில் இருக்கும் டீச்சரின் கணவர் அவர்களே, மகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நாற்காலி போதவில்லை. நிற்கிறவர்கள் சுவரில் சாய்ந்துகொள்ளுங்கள். நான் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ள மாட்டேன். எனக்கே நிற்க முடியவில்லை.

இந்தக் கூடத்தில் நான் இரங்கல் உரை ஆற்றுவது இது ஐந்தாவது முறை. மூத்தவன் என்பதால் மைக்கை என் கையில் கொடுத்துவிடுகிறார்கள். முன்பு நான் பேசிய நான்கு முறையும் இறந்தவர்கள் என்னைவிட வயதில் பெரியவர்கள். இன்று என்னைவிடப் பத்து வயது இளையவருக்காக நிற்கிறேன். இது என்ன வரிசை? யார் போட்ட டைம்டேபிள் இது?

மறைந்த நம் கணித ஆசிரியை அவர்களை, வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயரைச் சொல்லி இந்தப் பள்ளியில் யாரும் கூப்பிட்டதில்லை. மாணவர்கள் வைத்த பெயர் இழுத்துப்பார் டீச்சர். பெற்றோர் கூட்டத்துக்கு வருகிற அம்மாக்கள்கூட, "இழுத்துப்பார் டீச்சர் எந்த ரூம்ல இருக்காங்க?" என்றுதான் என்னிடம் வழி கேட்பார்கள். அது அவர் காதுக்கும் போனது. "பட்டப்பேர் வைக்கிற அளவுக்காவது கணக்கு பீரியட்ல முழிச்சிருக்காங்களே சார்" என்றார்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் திரையில் ஒரு வட்டம். அதன் குறுக்கே விட்டம். வட்டத்தின் மேல் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து விட்டத்தின் இரு முனைகளுக்கும் இரண்டு கோடுகள். அங்கே உருவாகும் கோணம் தொண்ணூறு பாகை. இதே படம் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் புத்தகத்தில் புள்ளி அச்சடித்த இடத்திலேயே கிடக்கும். இவருடைய திரையில் அந்தப் புள்ளியை மவுஸால் பிடித்து இழுக்கலாம். விட்டத்தின் முனைகளைத் தவிர வட்டத்தில் எங்கே கொண்டுபோய் விட்டாலும் கோணம் தொண்ணூறாகவே நிற்கும். "நான் சொல்றத நம்பாதீங்க. இழுத்துப் பாருங்க" என்பார். அவர் நடத்திய எல்லாப் பாடத்துக்கும் அவ்வளவுதான் முன்னுரை.

ஆறு வருடங்களுக்கு முன் மாற்றலாகி இங்கே வந்தார். அப்போது மூன்றாவது மாடியில் இருந்த கம்ப்யூட்டர் அறையில் உடைந்த பெஞ்சுகளும் பழைய விடைத்தாள் மூட்டைகளும்தான் குடியிருந்தன. ஒரு சனிக்கிழமை கணவரை அழைத்துக்கொண்டு வந்து இரண்டு பேருமாக அதைக் காலி செய்தார்கள். இருந்த பதினொரு கம்ப்யூட்டர்களில் ஒன்பதுக்கு உயிர் இருந்தது. பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் கணவர், மீதி இரண்டையும் கழற்றி ஒன்றாக்கி, பத்தாவது ஒன்றை எழுப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த அறைக்கு நேர் கீழே என் வகுப்பு. மேலே நாற்காலி இழுக்கும் சத்தம், சிரிப்பு, "ஏய் என்கிட்ட குடு, நான் இழுக்கிறேன்" என்கிற கூச்சல். ஒருநாள் பொறுக்க முடியாமல் மாடி ஏறிப் போனேன். ஒரு மாணவி அந்தப் புள்ளியை வட்டம் முழுக்க ஓட்டிக்கொண்டிருந்தாள். எங்கேயாவது ஓரிடத்தில் தொண்ணூறு உடையும் என்று அரைமணி நேரமாகத் தேடுகிறாளாம்.

"இது கணக்கு வகுப்பா, வீடியோ கேம் கடையா?" என்று கேட்டேன். பிள்ளைகள் முன்னால் கேட்டேன்.

"ஒரு நிமிஷம் உக்காருங்க சார். நீங்களும் ஒரு தடவை இழுத்துப் பாருங்க" என்றார்.

நான் உட்காரவில்லை. முப்பத்தோரு வருடமாகக் கரும்பலகையில் நான் நிரூபித்த தேற்றம் அது. அதை இழுத்துப் பார்த்துத்தான் நான் நம்ப வேண்டுமா? அப்படித்தான் நினைத்தேன். அப்படித்தான் கீழே இறங்கி வந்தேன்.

நண்பர்களே, இப்போது சொல்லப்போவதை இந்த மேடையில் சொல்ல வேண்டாம் என்று என் மனைவி சொன்னாள். சொல்லாமல் விட்டால் நான் பேசியதில் அர்த்தமில்லை.

அவர் வந்த இரண்டாவது வருடம், பொதுத்தேர்வில் அவருடைய வகுப்பு சறுக்கியது. நாற்பத்து மூன்று பேரில் பதினொரு பேர் கணிதத்தில் தோல்வி. முடிவு வந்த வாரமே, கம்ப்யூட்டர் அறைப் பாடவேளையை ரத்து செய்து எல்லா வகுப்பையும் கரும்பலகையிலேயே நடத்த வேண்டும் என்று தலைமையாசிரியை அவர்களுக்கு ஒரு கடிதம் போனது. அதில் நான்கு கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது. கடிதத்தை எழுதியவனும் நான்தான். விளையாட்டு என்ற சொல்லை அதில் மூன்று இடத்தில் போட்டிருந்தேன்.

ஸ்டாஃப் ரூமில் அந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுத்தார்கள். படித்தார். நான் சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். அவர் மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சார், அந்தப் பதினொரு பேரோட விடைத்தாள் நகல் வாங்க எப்படி எழுதணும்?"

விண்ணப்பம் எழுதும் முறையை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அந்த விடுமுறை முழுக்க அந்த நகல்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பள்ளி திறந்த அன்று எங்கள் நான்கு பேரையும் கூப்பிட்டார்.

"தப்பு என்னோடதுதான் சார். எட்டுப் பேருக்கு விஷயம் புரிஞ்சிருக்கு. படம் சரியா போட்டிருக்காங்க, விடை சரியா வந்திருக்கு. ஏன்னு கேட்ட இடத்துல ஒரு வரி எழுத வரல. ஸ்கிரீன்ல பாத்ததோட நான் விட்டுட்டேன். அடுத்த படத்துக்குப் போயிட்டேன்."

நம்மில் எத்தனை பேர் இப்படிச் சொல்லியிருக்கிறோம்? நாம் நடத்திய பாடத்தில் இன்ன இடத்தில் ஓட்டை என்று, அதுவும் எதிராகக் கையெழுத்துப் போட்டவர்களைக் கூப்பிட்டு, எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்? நான் சொன்னதில்லை. என் வகுப்பிலும் அந்த வருடம் ஒன்பது பேர் தோல்வி. அதைப்பற்றி எந்தக் கடிதமும் போகவில்லை.

பாடவேளையை எடுத்துவிட்டார்கள். அவர் தலைமையாசிரியை அம்மாவிடம் போய், பள்ளி விட்டபின் நான்கு மணியிலிருந்து ஐந்து வரை அறையைத் திறந்துகொள்ள மட்டும் அனுமதி வாங்கினார். விருப்பம் உள்ளவர்கள் வரலாம். முதல் நாள் ஆறு பேர் வந்தார்கள்.

அதுவரை வேறு யாரோ இணையத்தில் செய்து வைத்த பக்கங்களைத்தான் அவர் பயன்படுத்திவந்தார். இப்போது அவை போதவில்லை. அவருக்கு வேண்டியது ஒரு பெட்டி. பிள்ளை புள்ளியை நான்கு இடத்துக்கு இழுத்ததும் திரை நின்றுவிட வேண்டும். 'ஏன் மாறவில்லை? நோட்டில் எழுது, பிறகு இங்கே தட்டு' என்று கேட்க வேண்டும். எழுதித் தட்டினால்தான் படம் மறுபடி நகரும். அதற்கு நில் பெட்டி என்று பெயர் வைத்தார். அப்படி ஒரு பக்கம் எங்கும் கிடைக்கவில்லை. ஆகவே நாற்பத்தைந்து வயதில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். செவிலியர் படிப்பு படிக்கும் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பிழை பார்ப்பாளாம். மாதக்கணக்கில் அதே வேலை. அவருடைய கணவர் ஒருமுறை என்னிடம் சொன்னார்: "எங்க வீட்டுல ரெண்டு பேருக்குமே ரிப்பேர் வேலைதான் சார். என்ன, எனக்குக் கை கழுவினா போயிடும். அவளுக்குத் தூங்கினாலும் போக மாட்டேங்குது."

இப்படி ஒன்று, பத்து, முப்பது என்று எழுபத்து நான்கு பக்கங்கள். வட்டம், முக்கோணம், நேர்கோட்டின் சாய்வு, இருபடிச் சமன்பாடு, நிகழ்தகவு. எல்லாம் இணையத்தில், யார் வேண்டுமானாலும் திறக்கும்படி.

எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் தெரிந்துகொள்ள விரும்பவில்லை. ஒருநாள் என் வகுப்பில் அந்த வட்டத் தேற்றத்தை எடுத்தேன். வழக்கம்போல, "ஏன் தொண்ணூறு?" என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்வதில்லை. நானே கேட்டு, நானே சொல்லி, நானே அழிப்பேன். அன்று மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். மையத்திலிருந்து புள்ளிக்கு ஒரு கோடு போட்டால் இரண்டு இருசமபக்க முக்கோணம் கிடைக்கும் என்று ஆரம்பித்து, நிறுத்தாமல் கடைசிவரை சொன்னாள்.

"யார் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லல சார். எங்க இழுத்தாலும் மாறவே மாட்டேங்குது. எரிச்சலா வந்துச்சு. அப்புறம் பெட்டி ஏன்னு கேட்டுச்சு. ரெண்டு நாள் உக்காந்து எழுதினேன்."

அன்று நான்கு மணிக்கு மாடி ஏறினேன். அறையில் முப்பது பேர், ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேராக. ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் என்னைப் பார்த்ததும் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். மவுஸை என் பக்கம் நகர்த்தி வைத்தார். எனக்குப் பிடிக்கத் தெரியவில்லை. புள்ளி கையை விட்டு நழுவி ஓடியது. மூன்றாவது தடவை பிடித்து இழுத்தேன். முப்பது வருடத்துக்கு மேலாக எழுதி எழுதி அழித்த அந்தக் கோணம் முதன்முறையாக என் கண்முன்னால் நகர்ந்தது. நகர்ந்தும் மாறவில்லை.

"நல்லா இருக்கு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நாளைக்குக் கேட்கலாம், முழு ஆண்டுத் தேர்வு முடியட்டும், விடுமுறை போகட்டும் என்று மூன்று வருடம் ஓட்டினேன். பக்கத்து மேஜை. எட்டிக் கூப்பிட்டால் திரும்புவார். மூன்று வருடம் போதவில்லையா எனக்கு?

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, இடைவேளை முடிந்து மணி அடித்தது. அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சார், நாலாவது பீரியட் மட்டும் பாத்துக்குறீங்களா? தலை ரொம்ப வலிக்குது" என்றார். "நீங்க படுங்க, நான் போறேன்" என்று புறப்பட்டேன். அவர் தானாக ஒரு வகுப்பை விட்டதே இல்லை என்பது மாடிப்படியில்தான் எனக்கு உறைத்தது. திரும்பி வந்தேன். மேஜை மேல் தலை சாய்ந்திருந்தது. தொட்டேன். எழவில்லை. மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தார். கண் திறக்கவில்லை.

ஐயா, உங்களுக்கு என்ன ஆறுதல் சொல்வது? மகளே, உன் அம்மா மாதிரி இனி ஒருவர் வருவார் என்று இந்த மேடையிலிருந்து நான் பொய் சொல்லப் போவதில்லை. ஆனால் கேட்காமல் விட்ட மன்னிப்பை உங்கள் இருவரிடமும் இப்போது கேட்கிறேன். எல்லோர் முன்னிலையிலும் அவர் கையில் கொடுக்க வைத்த கடிதத்துக்கு எல்லோர் முன்னிலையிலும்தானே கேட்க வேண்டும்?

கம்ப்யூட்டர் அறைப் பாடவேளையைத் தலைமையாசிரியை அவர்கள் டைம்டேபிளில் திரும்பப் போட்டுவிட்டார்கள். நான்கு மணி வகுப்பும் நடக்கும். எனக்கு ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கிறது. முட்டி வலி, மூன்று மாடி. நான்கு பத்துக்குத்தான் வந்து சேருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் போனபிறகு இயற்பியல் டீச்சர் பொறுப்பேற்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். இது வாக்குறுதி என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். போன வாரம் டீச்சருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அவர் மகள்தான் பார்த்து என்னிடம் காட்டினாள். நாம் யாரும் அறியாத, எங்கோ தூரத்தில் இருக்கும் ஒரு கணக்கு வாத்தியார் எழுதியிருக்கிறார். வட்ட நாற்கரப் பக்கத்தில் எதிர்க்கோணங்களைக் கூட்டினால் சில இடங்களில் நூற்று எண்பத்தொன்று வருகிறதாம். அவருடைய வகுப்பு மொத்தமும் தேற்றத்தை உடைத்துவிட்டோம் என்று ஆடுகிறதாம். "உடனே பாருங்க டீச்சர், என்னால இவங்கள சமாளிக்க முடியல" என்று முடித்திருக்கிறார்.

அவருக்கு என்ன எழுதுவது? இரண்டு நாள் எழுத வரவில்லை. முந்தாநாள் மாலை இயற்பியல் டீச்சரும் மகளும் நானும் உட்கார்ந்தோம். எண்பத்தேழரையை எண்பத்தெட்டு என்றும், தொண்ணூற்றிரண்டரையைத் தொண்ணூற்று மூன்று என்றும் முழு எண்ணாக்கிக் காட்டியதுதான் பிழை. கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் ஆனது. டீச்சர் இருந்திருந்தால் பத்து நிமிடம். தசமத்தோடு காட்டும்படி மாற்றினோம். பிறகு பதில் எழுதினோம். டீச்சர் காலமாகிவிட்டார், பிழையைத் திருத்திவிட்டோம், சரியாக வருகிறதா பாருங்கள் என்று.

இன்று காலை பதில் வந்திருந்தது. தன் வகுப்பு எழுந்து நின்று மௌனம் காத்தது என்று எழுதியிருக்கிறார். அதன் கீழே, ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் இன்னொரு பிழை இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்.

கூட்டம் முடிந்ததும் நாங்கள் மூன்று பேரும் மாடிக்குப் போகிறோம். வணக்கம்.