கிழக்குச் சுவரில் காவிக்கோடு

செம்பூர் காவல் நிலையம், 1964 மார்ச்.

என் பெயர் வெங்கடராமன். வயது அறுபத்திரண்டு. தகப்பனார் காலஞ்சென்ற அனந்தநாராயணன். மாதுங்காவில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது திலக் நகர் அருகே குடியிருக்கிறேன். எனக்கு மராத்தி பேச வரும், எழுத வராது. ஆகவே நான் சொல்லச் சொல்ல, தமிழ் தெரிந்த ஏட்டு எழுதிக்கொள்கிறார்.

என் வீட்டுக்கு எதிர் மனையில் தாராவி இரும்புப் பட்டறை முதலாளி கணேசபாண்டியன் வீடு கட்டி வருகிறார். கட்டித் தருபவர் தாராவி ஜெயினுலாப்தீன் கொத்தனார். சமையலறைச் சுவரைச் சம்மதமில்லாமல் உடைத்து நஷ்டம் செய்ததாகக் கணேசபாண்டியன் நேற்றுக் கொடுத்த புகாரில் கொத்தனார் இங்கே வைக்கப்பட்டிருக்கிறார். விசாரித்தபோது அவர் வாயே திறக்கவில்லை என்று கேள்விப்பட்டு நானாகவே வந்தேன். இந்தப் புகார் உண்மையென்று ஆகிவிட்டால் இனி தாராவியில் ஒருவரும் அவரை நம்பி ஒரு சுவர்கூட எழுப்பக் கொடுக்கமாட்டார்கள்.

கொத்தனாருக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை நடுவில் வீட்டுக்காரர் எதையாவது மாற்றச் சொன்னால், வாய்ச்சொல்லாக ஏற்கமாட்டார். காவிக்கட்டியைக் கையில் கொடுத்து, வேண்டிய இடத்தில் அவரையே கோடு போடச் சொல்வார். மறுநாள் காலை வெளிச்சத்தில் வந்து பார்த்த பிறகும் அதே எண்ணம் இருந்தால்தான் உளி வைப்பார். உதாரணமாக, வகுப்பில் தப்பான கணக்கின் மேல் நான் கோடு போடமாட்டேன், மாணவனையே போடச் சொல்வேன். அப்போதுதான் திருத்தம் அவனுடையதாகும். உதாரணங்கள் போதும் என்று ஏட்டு சொல்வதால் இத்துடன் நிறுத்துகிறேன்.

கணேசபாண்டியன் இரும்பு வாங்க ஜாம்ஷெட்பூர் போயிருந்தபோது, அவர் மனைவி சண்முகவடிவு வேலையைப் பார்க்க வந்தார். நானும் அங்கே இருந்தேன். வரைபடத்தில் சமையலறை ஜன்னல் டிராம்பே பக்கம் இருந்தது. அன்று அந்தப் பக்கத்துக் காற்று அடித்ததால் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வாடை உள்ளே நிறைந்திருந்தது.

அந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பாய், இத அடைச்சிட்டு கெழக்குச் சொவத்துல ஜன்னல் வையுங்க. ரசத்துல மண்ணெண்ண ஊத்துன மாதிரில்லா இருக்கும்" என்றார்.

"மொதலாளி வரட்டும், தங்கச்சி."

"அவுகளா அடுப்புல நிக்கப் போறாவ?"

கொத்தனார் சிரித்துவிட்டுக் காவிக்கட்டியை நீட்டினார். அதன் பிறகு அந்த அம்மாள் சுவரோடு ஒட்டி நின்று, தன் முழங்கை உயரத்தில் கீழ்க்கோடும், கை எட்டிய உயரத்தில் மேல்கோடும் போட்டார். மறுநாள் காலையிலும் வந்து, அதேதான் வேண்டும் என்றார். அதன் பிறகே சுவரை உடைத்தார்கள்.

நேற்றுத் திரும்பி வந்த கணேசபாண்டியன், "யாரக் கேட்டுவே ஒடைச்சீரு?" என்று தெருவே கேட்கச் சத்தம் போட்டார்.  கொத்தனார் அந்த அம்மாள் பெயரைச் சொல்லவில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் தன்னால் சண்டை வரக்கூடாது என்று நினைத்திருப்பார். இது என் அனுமானம்தான்.

அந்த அம்மாளைக் கேட்காமல் நானும் சொல்லக்கூடாது என்று இன்று காலை பஸ் ஏறி, அவர்கள் இப்போது குடியிருக்கும் தாராவிக்குப் போனேன். பாய் காவலில் இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. "நீங்க சொல்லுங்க சார், நானும் வாரேன்" என்று கையில் கரண்டியோடு செருப்பை மாட்டியவர், வாசலில் கரண்டியை வைத்துவிட்டு என்னுடன் புறப்பட்டார்.

கோட்டுக்கு உள்ளடங்கவே உடைத்திருப்பதால் காவிக்கோடு இன்னும் சுவரில் இருக்கிறது. கணேசபாண்டியனும் கொத்தனாரும் நெட்டையானவர்கள். அந்த அம்மாளை அங்கே நிறுத்தி முழங்கையைப் பார்த்தால், யார் போட்ட கோடு என்பது தெரிந்துவிடும்.

இவ்வளவும் சொல்லி முடிப்பதற்குள் கணேசபாண்டியனும் வந்துவிட்டார். மனைவி நடந்ததைச் சொன்னதும், "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா?" என்றார்.

"பட்டற ஷட்டருக்கு என்ன பெயிண்டுன்னு ஊரெல்லாம் கேட்டிய. அடுப்பு எங்க வேணும்னு என்ட்ட கேட்டியளா?"

இதை எழுத வேண்டுமா என்று ஏட்டு கேட்டார். அவசியம் எழுதச் சொன்னேன்.

அதன் பிறகு கணேசபாண்டியன் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். கொத்தனார் முன்னால் போய் நின்றவர், கொஞ்சம் தயங்கி, "பாய், அந்த ஜன்னலுக்கு மேல மழைக்கு ஒரு சன்ஷேடு போட்டுருவமா?" என்று கேட்டார். கொத்தனார் மேஜையைப் பார்த்தார். அவரிடமிருந்து எடுத்த, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டும் காவிக்கட்டியும் அங்கே இருந்தன. சப்-இன்ஸ்பெக்டர் காவிக்கட்டியைக் கணேசபாண்டியன் பக்கம் தள்ளினார். அவர் அதை எடுத்து மனைவி கையில் கொடுத்தார்.

ஏட்டு படித்துக் காட்டினார், கேட்டேன். நான் கண்டதும் என் காதில் விழுந்ததுமே இதில் இருக்கின்றன. மாற்ற வேண்டியது ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
அ. வெங்கடராமன்